கடிகாரத்தின் அடிப்புறம்

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. முதல் நோன்பு. 4.30க்கு எழுந்தேன். 4.35க்கு என் மனைவி தோ பாயோவில் தனியாக இருக்கும் தன் தம்பிக்குப் போன் செய்து சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பினாள். 4.50க்கு நாங்கள் சாப்பிட்டோம்: சோறு, பருப்பு, அவித்த முட்டை, தயிர். 5.30க்குக் கடைசித் தண்ணீர். சுபுஹு தொழுதேன். 7.40க்கு புக்கிட் மேராவில் பேருந்து ஏறினேன். 8.35க்கு ஜாலான் புசார் பக்கம் உள்ள என் அலுவலகத்தில் விளக்கைப் போட்டேன். முதல் ஆள் நான்தான். வழக்கம்போல.

மச்சினனை எழுப்பும் அந்தப் போன் பத்தொன்பது வருட வழக்கம். அவன் ஐந்து அலாரம் வைப்பான். ஐந்தையும் தூக்கத்திலேயே அணைத்துவிடுவான். நாற்பத்தாறு வயது ஆண்பிள்ளை, நோன்பு மாதம் முழுவதும், அவன் லாத்தா என்று கூப்பிடும் அக்காள் போன் போட்டால்தான் எழுவான். மற்ற வருடங்களில் போனிலேயே இருவரும் ஐந்து நிமிடம் சண்டை போடுவார்கள். அன்று, "எந்திரிச்சிட்டேன் லாத்தா" என்று மட்டும் சொல்லி அவன் வைத்துவிட்டான். பதினொரு விநாடி. போன் திரையில் பார்த்தேன்.

மனைவி என்னைப் பார்க்காமல் பருப்பைக் கிளறினாள். "சாயங்காலம் வருவானா?" என்று கேட்டேன்.

"எனக்கு என்ன தெரியும்? நீங்கதானே அனுப்பி வச்சீங்க. நீங்களே கேளுங்க."

ஒவ்வொரு முதல் நோன்பன்றும் அவன் லீவு போட்டு, லிட்டில் இந்தியாவில் ஒரு பள்ளிவாசலில் வரிசையில் நின்று, தூக்குச்சட்டி நிறைய நோன்புக் கஞ்சி வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சாப்பாட்டு மேசையில் மூன்றாவது தட்டு அவனுடையதுதான். இந்த வருடம் அது காலியாக இருக்குமா என்பதுதான் என் மனைவியின் கவலை. அதற்குக் காரணம் என் கடிகாரத்தின் பின்புறத்தில் இருந்த கீறல்கள்.

கடிகாரத்தின் பின்புறம் என்றால் உலகத்தில் யாரும் பார்க்காத பக்கம். தோலோடு ஒட்டிக் கிடக்கும் பக்கம். நடுவில் கண்ணாடிக் குமிழ், அதற்குள் நாடி படிக்கும் பச்சை விளக்கு, சுற்றிக் கறுப்பு வளையம். ஐம்பது வயதில் செய்த உடல் பரிசோதனைக்குப் பிறகு வாங்கினேன். எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் கையில் இதே மாதிரிதான். நடைக் கணக்குப் போட்டி என்று ஒன்று வைத்தார்கள். லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது கையை ஊஞ்சல் மாதிரி ஆட்டுகிறவர்கள், மேசைக்கு அடியில் கணுக்காலில் கட்டிக்கொண்டு காலை உதறுகிறவர்கள், எல்லாரையும் பார்த்தாகிவிட்டது. நடக்காமல் நடந்ததாகக் காட்ட இவ்வளவு உழைப்பு. எழுந்து நடந்தே தொலைத்திருக்கலாம்.

நான் அப்படியில்லை. எழுதி வைப்பவன். வேலையும் அதுதான். கன்டெய்னர்கள் ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும்போது டிப்போவில் ஆட்கள் அவற்றைப் பார்த்து, எங்கே நெளிசல், எங்கே துரு என்று தாளில் குறித்து அனுப்புவார்கள். ஏழு இடம் பார்க்க வேண்டும்: இரண்டு பக்கச் சுவர், முன்சுவர், கதவு, கூரை, உள்ளே, அடிப்புறம். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் நான் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவேன். கைமாறும் நேரத்தில் எழுதாத சேதத்துக்காகப் பின்னால் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இருபத்திரண்டு வருடமாக டிப்போக்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேருக்கு இன்னும் மண்டையில் ஏறவில்லை.

ஜனவரியில் மச்சினனுக்கு நெஞ்சு படபடப்பு வந்தது. அவன் அச்சகத்தில் காகிதம் வெட்டுபவன். வேலையில் இருக்கும்போதே உட்கார்ந்துவிட்டானாம். டாக்டர் பயமில்லை என்றார். ஆனால் சில வாரங்களுக்கு நாடித் துடிப்பைக் கவனித்துவரச் சொன்னார். மனைவி என் கையைப் பார்த்தாள். கழற்றிக் கொடுத்தேன். அது ஜனவரி 13. பிப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை, அவன் திருப்பிக் கொண்டுவந்தான். துவைத்து மடித்த கைக்குட்டையில் சுற்றியிருந்தான். நான் பிரித்து, கண்ணாடியைப் பார்த்து, வாரைப் பார்த்து, திருப்பினேன். குமிழின் உச்சியில் பொடிக் கீறல்கள். வளையத்தில் கறுப்பு தேய்ந்து வெள்ளை தெரிந்தது.

"இது என்ன?" என்றேன்.

"என்னது மச்சான்?"

"பின்னாடி. சொரண்டி வச்சிருக்கே."

அவன் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "நான் ஒண்ணும் பண்ணலயே. கையை விட்டுக் கழட்டுறதே ஒளு எடுக்கத்தான். அப்பவும் தொப்பிக்குள்ளதான் வச்சேன்."

இந்தத் தொப்பி விஷயத்தைச் சொல்ல வேண்டும். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவும்போது, அவன் தொப்பியைக் கழற்றிக் குழாய்த் திட்டில் மல்லாக்க வைப்பான். அதற்குள் போன், சாவி, பஸ் அட்டை எல்லாம் போடுவான். பார்க்க, தெருவோரத்தில் உட்கார்ந்து சில்லறை வாங்குபவன் மாதிரி இருக்கும். நான் பலமுறை கேலி செய்திருக்கிறேன். நான் கடிகாரத்தைக் கழற்றினால் கண்ணாடி மேலே பார்க்க, வாரின் இரு பாதியையும் நேராக விரித்து, திட்டின் ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி வைப்பேன். விழாது, கண்ணாடி உரசாது, தண்ணீர் தெறிக்காது.

"தொப்பிக்குள்ள வச்சியா, அதுல போட்டுக் குலுக்குனியா?" என்றேன்.

"விடுங்க லா," என்றாள் மனைவி. "பின்னாடிதானே. யாரு பாக்கப் போறா?"

"பாக்கறது பாக்காதது இல்ல விஷயம். இவனுக்கு எதையும் பத்திரமா வச்சுக்கத் தெரியாது. நெஞ்சையே பத்திரமா வச்சுக்கத் தெரியாத ஆள்கிட்ட கடிகாரத்தைக் குடுத்தது என் தப்பு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். பாதிக்கு மேல் இருந்தது. "வரேன் லாத்தா" என்றான். என்னிடம் சொல்லவில்லை. முப்பத்தேழு நாள் ஆகிவிட்டது. அவன் வரவில்லை.

அந்த முப்பத்தேழு நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இணையத்தில் கழித்தேன். கடிகாரத்தின் பின்புறத்தைப் படமெடுத்துப் போட்டு ஒப்பாரி வைக்க ஒரு பெருங்கூட்டமே இருக்கிறது. இது சாதாரணத் தேய்மானமா, கம்பெனியில் மாற்றித் தருவார்களா, எனக்குத் தூக்கமே வரவில்லை என்றெல்லாம் எழுதுகிறார்கள். ஒருவர் பின்புறத்தைக் காப்பாற்றப் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கிறார். ஒட்டிய பிறகு கடிகாரம் நாடியைப் படிக்கவில்லையாம், அதற்கும் புலம்பியிருக்கிறார். நாடி பார்க்க வாங்கிய பொருளின் கண்ணைக் கட்டிவிட்டு, ஏன் தெரியவில்லை என்று கேட்கிற அறிவாளி. இவர்களை மனதுக்குள் திட்டிக்கொண்டே, பூதக்கண்ணாடியை வைத்து என் கடிகாரத்தின் கீறல்களை எண்ணினேன். பதினேழு. நோட்டில் எழுதினேன்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். நோன்பு நாளில் மதிய இடைவேளை என்பது வெறும் இடைவேளை. 12.30க்கு வெளியே வந்து, சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் கைப்பேசிக் கடைக்குப் போனேன். கடை என்றால் ஒரு மேசை, ஒரு ஸ்டூல், சுவர் முழுக்க உறைகளும் வார்களும். உட்கார்ந்திருந்தவருக்கு முப்பது வயது இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து நான்கு வருடமாம், கேட்காமலே சொன்னார். பக்கத்தில் சோறும் மீன் குழம்பும் பாதி சாப்பிட்டபடி இருந்தது. என் தொப்பியைப் பார்த்ததும் மூடி வைத்தார்.

"இந்தக் கீறலை எடுக்க முடியுமா?"

அவர் ஒற்றைக் கண்ணில் வில்லையை மாட்டிக்கொண்டு பார்த்தார். நான் நினைத்ததைவிட அதிக நேரம் பார்த்தார். இவருக்கு என்ன தெரியப்போகிறது, ஏதாவது பாலிஷ் போட்டுக் கெடுக்கப் பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

"எடுக்க முடியாது சார். தேச்சா சென்சார் போயிரும். பின்னாடிதானே, வுடுங்க. உங்க கை மட்டும்தான் பாக்கும்."

"இதை இன்னொருத்தர் கிட்ட மூணு வாரம் குடுத்திருந்தேன். கீழே போட்டுட்டார்."

"இல்ல சார், கீழ வுழல. வுழுந்தா ஓரம் நசுங்கும். ஓரம் பாருங்க, புதுசாட்டம் இருக்கு. இது வச்சு வச்சு எடுத்தது. வைக்கும்போது ஒரு சின்ன இழுப்பு இழுக்குது பாருங்க, எல்லாக் கோடும் ஒரே பக்கமா போகுது. மூணு வாரத்துல இது வராது. ரெண்டு வருசமாவது ஆகியிருக்கும். கல்லு மேல வைப்பீங்களா சார்?"

"மேசை மேலதான் வைப்பேன்."

"மேசை இப்படிப் பண்ணாது. மண்ணு இருக்கற கல்லு. அளவா ஒரே மாதிரி வைக்கறாரு யாரோ. ரொம்ப ஒழுங்கான ஆளு."

இதைப் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு எரிச்சலாக இருந்தது. காசு வாங்க மறுத்தார். அதுவும் எரிச்சல். சோற்றைத் திறக்காமல் நான் போவதற்காகக் காத்திருந்தார். அது இன்னும் எரிச்சல்.

லுஹர் தொழப் பள்ளிவாசலுக்குப் போனேன். குழாய் முன் உட்கார்ந்தேன். கடிகாரத்தைக் கழற்றினேன். கண்ணாடி மேலே, வார் நேராக, திட்டின் ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே. உள்ளே தள்ளும்போது கேட்டது. மிகச் சின்னச் சத்தம், நகத்தால் தகரத்தைத் தொட்டது மாதிரி. எடுத்துவிட்டுத் திட்டை விரலால் தடவினேன். கரடுமுரடான கல். அதன் மேல் கால்களிலிருந்து தெறித்து வந்த மணல், கண்ணுக்குத் தெரியாத அளவில். விரலில் ஒட்டியது.

ஒரு நாளுக்கு ஐந்து வேளை. அதில் குறைந்தது இரண்டு வேளை இதே திட்டு, இதே இடம், ஒரே திசையில் ஒரு சாண். கடிகாரம் வாங்கி இரண்டு வருடம் மூன்று மாதம். பெருக்கிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. பார்க்கிற பக்கத்தைக் காப்பாற்றுகிறேன் என்று பார்க்காத பக்கத்தை நானே அரத்தில் வைத்திருக்கிறேன், தினமும், அவ்வளவு ஒழுங்காக. அந்தப் பிச்சைக்காரத் தொப்பிக்குள் போட்டிருந்தால் ஒரு கோடு விழுந்திருக்காது.

பக்கத்தில் இருந்தவர், "அண்ணே, தண்ணி போய்க்கிட்டே இருக்கு" என்றார். குழாயை மூடினேன்.

3.10க்கு டிப்போவிலிருந்து ஒரு தாள் வந்தது. ஆறு இடம் குறித்திருந்தது. ஏழாவது கட்டம், அடிப்புறம், காலி. இப்படி வரும் தாள்களில் நான் சிவப்பு மையில் ஏதாவது எழுதி அனுப்புவேன். "அடிப்புறத்தை உங்கள் மாமியார் வந்து பார்ப்பாரா?" என்று ஒருமுறை எழுதியது டிப்போவில் சுவரில் ஒட்டியிருக்கிறதாம். அன்று எதுவும் எழுதாமல் திருப்பி அனுப்பும் தட்டில் போட்டேன்.

எதிர் மேசைப் பெண் தாளை எடுத்துப் பார்த்தாள். "என்ன சார், வெறும் தாளா போகுது? திட்டே இல்ல? உடம்பு சரியில்லையா?"

"நோன்பு."

"அப்ப ஒரு மாசம் டிப்போக்காரங்களுக்கு ஹாலிடே லா."

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் நோட்டை எடுத்தேன். ஜனவரி 13ஆம் தேதிப் பக்கத்தில் என் கையெழுத்து, கோடு போட்டது மாதிரி: "கடிகாரம் மச்சினனிடம் கொடுத்தேன். கண்ணாடி சுத்தம். வார் சுத்தம். கொக்கி சரி. பொத்தான் சரி. மின்னூட்டம் 84." பின்புறம் பற்றி ஒரு எழுத்து இல்லை. கொடுக்கும்போது நான் திருப்பியே பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக ஊரார் தாளைத் திருப்பி அனுப்பியவன் எழுதிய லட்சணம் இது. டிப்போவில் வெயிலில் கன்டெய்னருக்கு அடியில் குனிந்து பார்க்கிறவனுக்காவது முதுகு வலிக்கும். எனக்கு மணிக்கட்டைத் திருப்ப வேண்டியதுதான் வேலை.

மேசையில் மூன்று தட்டு இருந்தது. பேரீச்சை, சமோசா, வடை, ரோஸ் பால். நடுவில் கஞ்சிக்கு இடம் விட்டிருந்தாள். 6.50க்கு அவள் போன் சிணுங்கியது. வாசித்துவிட்டு என் பக்கம் தள்ளினாள். "லாத்தா, உடம்பு அலுப்பா இருக்கு. நீங்க நோன்பு தொறங்க. நான் இங்கேயே பாத்துக்கறேன்."

அவள் மூன்றாவது தட்டை எடுக்கவில்லை. கஞ்சிக்கு விட்ட இடத்தில் தண்ணீர்ச் செம்பை வைத்தாள். பாங்கு சொன்னதும் பேரீச்சையைக் கடித்து நோன்பு திறந்தோம். இரண்டாவது வடையில் நான் சொன்னேன்.

"அந்தக் கீறல் அவன் போட்டது இல்ல."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"என் தம்பி போடலன்னு சொன்னான்."

கடைக்காரரைப் பற்றியும் திட்டைப் பற்றியும் அந்தச் சத்தத்தைப் பற்றியும் வரிசையாகச் சொன்னேன். ஜனவரிப் பக்கத்தையும் காட்டினேன். அவள் நோட்டை வாங்கவில்லை.

"இத எதுக்கு எங்கிட்ட காட்டுறீங்க? நானா கோச்சுக்கிட்டுப் போனேன்? அவன்கிட்ட சொல்லுங்க."

"சொல்றேன். கீறல் விஷயம் தெளிவாயிடுச்சுன்னு ஒரு மெசேஜ் அனுப்பிடறேன்."

"தெளிவாயிடுச்சா?" வடையைத் தட்டிலேயே போட்டாள். "கன்டெய்னரா அவன், தாள் அனுப்பறதுக்கு? கீறலுக்கா அவன் போனான்? அன்னிக்கு நெஞ்சப் பத்திச் சொன்னீங்களே, அதுக்குப் போனான். டாக்டர்கிட்ட போகும்போதெல்லாம் எனக்குப் போன் பண்ணி, லாத்தா பயமா இருக்கு, நீ லைன்லயே இருன்னு சொல்றவன் அவன். உங்ககிட்ட சொல்லாதேன்னு வேற சொல்லியிருந்தான். சிரிப்பீங்களாம்."

எனக்கு இது தெரியாது.

"நாளைக்குப் பேசறேன்," என்றேன்.

"நோன்புன்னா வாயக் கட்டணும்னுதான் சொல்லியிருக்கு. நீங்க திட்டுறத மட்டும் கட்டுங்க. மன்னிப்பையும் சேத்துக் கட்டாதீங்க."

மூன்றாவது தட்டை அவள் அப்படியே வைத்துவிட்டுத் தொழப் போனாள். அன்றைய குறிப்பை எழுதும்போது ஜனவரி 13க்குத் திரும்பிப் போய், விட்டுப்போனதைச் சேர்க்கலாமா என்று பேனாவைத் திறந்தேன். சேர்க்கவில்லை. பிறகு சேர்த்த குறிப்புக்கு மதிப்பில்லை என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அவனுக்கு என்ன மெசேஜ் எழுதலாம் என்று நான்கு முறை தட்டிப் பார்த்தேன். நான்கும் டிப்போவுக்குப் போகும் தாள் மாதிரியே இருந்தன. அழித்துவிட்டேன்.

மார்ச் 13, புதன்கிழமை. 4.30க்கு எழுந்தேன். மனைவி அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தாள். அவள் போன் சாப்பாட்டு மேசையில், என் நாற்காலிக்கு நேராக இருந்தது. வழக்கமாக அது அவள் கையில் இருக்கும். முகம் கழுவுவதற்கு முன், முதல் வேலையாக அதை எடுத்து அவனை அழைத்தேன். ஏழாவது மணியில் எடுத்தான்.

"ம்... எந்திரிச்சிட்டேன் லாத்தா."

"நான்தான்."

தூக்கம் முழுக்கக் கலைந்த குரல். "மச்சானா? லாத்தாவுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அடுப்படியில நிக்கிறா. சஹருக்கு எழுப்பறேன்." மேற்கொண்டு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நேராகச் சொன்னேன். "அந்தக் கீறல் நான் போட்டது. பள்ளிவாசல்ல கல்லு மேல வச்சு வச்சு. நீ தொப்பிக்குள்ள வச்சதுதான் சரி. அன்னிக்கு நான் உன் நெஞ்சப் பத்திப் பேசினது ரொம்பத் தப்பு. மன்னிச்சுக்க."

"இதச் சொல்லவா நாலரைக்கு எழுப்புனீங்க?"

"ஆமா."

கொட்டாவி விட்டான். கட்டில் கிறீச்சிட்டது. "கஞ்சி வாங்குனீங்களா நேத்து?"

"இல்ல."

"அதானே பாத்தேன். இன்னிக்கு நான் லீவு இல்ல. வேல முடிஞ்சு நேரா வீட்டுக்குத்தான் வர முடியும். வரிசைல நீங்கதான் நிக்கணும்."

"நிக்கிறேன்."

"உங்க வீட்ல இருக்கற தூக்குச்சட்டிய நல்லாப் பாத்து எடுத்துட்டுப் போங்க மச்சான். ஏழு பக்கமும் பாருங்க. முக்கியமா அடிப்புறம். போன வருசமே அதுல லேசா ஒழுகிச்சு."